தெளிந்த தண்ணீர்

நவம்பர் 5

கடைசிக் குளத்தின் குழாயில் வந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். எதிரே நின்ற அண்ணனின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. மோந்து பார்த்தேன். ஈரமண் வாசம்தான் வந்தது. அண்ணன் டம்ளரை வாங்கித் தானும் மோந்தார். திரும்பத் திரும்ப மோந்தார்.

"பாப்பா, இது நம்ம பேக்டரித் தண்ணிதானா?"

"நம்ம தண்ணிதாண்ணா."

அப்பா காலத்திலிருந்து ஜவ்வரிசி செய்யும் இந்த சேகோ ஆலைக்கு ஒரே கெட்ட பெயர், நாற்றம். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, மாவைப் படியவைத்து, மிஞ்சும் தண்ணீரை வெளியே விட்டால் பால்போல் ஓடி, ஒரே நாளில் புளித்து, கறுத்து, காற்றடிக்கும் பக்கமெல்லாம் நாறும். ஆத்தூரில் நான் பள்ளிக்குப் போன நாட்களில் என் சீருடையிலேயே அந்த நாற்றம் ஏறியிருக்கும். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காருவாள். எனக்கு அப்போது கோபம் வந்ததில்லை. அவமானம்தான்.

இப்போது அதே தண்ணீர் முதல் குளத்தில் ஆகாயத்தாமரை வேர்களுக்கு நடுவே நுழைந்து, இரண்டாவதில் சரளைக்கல்லில் நட்ட சம்புப் புல்லுக்குள் ஊர்ந்து, மூன்றாவதில் பச்சைப் பொட்டுப் பொட்டாக மிதக்கும் பாசிக்கு அடியில் தங்கி, தெளிந்து வெளியே வருகிறது. பதினைந்து வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். கரும்பலகைக்கு வெளியே நான் செய்த ஒரே காரியம் இதுதான்.

நவம்பர் 8

வாஷிங் மெஷின் மறுபடியும் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்கிறான். நாளைக்கு என்று அவன் சொல்வது இது இரண்டாம் வாரம்.

நவம்பர் 12

ஊர்க்காரர்களை அண்ணன் வரச்சொல்லியிருந்தார். எங்கள் தண்ணீர் ஓடையில் இறங்கி நேரே கருங்காட்டூர் ஏரிக்குத்தான் போகிறது. அதனால் ஊருக்குக் காட்டிவிடுவது நல்லது என்றார். எல்லாரும் குளக்கரையில் நின்று எட்டிப் பார்த்தார்கள், யாரும் கிட்டே வரவில்லை. இத்தனை வருடப் பழக்கம், மூக்கில் முந்தானையைப் பிடித்தபடியேதான் நின்றார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து இரண்டு கையிலும் அள்ளி முகத்தைக் கழுவினேன். ஒரு பெண் கைதட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் ஒரு அம்மாள் மட்டும் நின்றார். பாவாயி. மகளிர் குழுத் தலைவி. ஏரியில் மீன் வளர்க்கும் ஏலத்தை இந்த வருடம் அவர்கள் குழு எடுத்திருக்கிறது. அதற்கு முன் அதை வைத்திருந்தவர் வீரமணி என்பவர், ஏலம் கைவிட்டுப்போன கோபத்தில், "எப்படி மீன் புடிக்கறீங்கன்னு பாத்துடறேன்" என்று எல்லார் எதிரிலும் கத்தினாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

"டீச்சரம்மா, இந்தத் தண்ணி ஏரிக்கு வந்தா மீன் நிக்குமாங்க?"

"தாராளமா நிக்கும்."

"நம்பி உடலாங்களா?"

"நம்பி விடுங்க பாவாயிம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் இன்னும் ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன்.

நவம்பர் 17

நச்சுத்தன்மைச் சோதனை தொடங்கினேன். முறைப்படி முதலிலேயே செய்திருக்க வேண்டும், செமஸ்டர் வினாத்தாள் வேலையில் தள்ளிப்போய்விட்டது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். முதல் தொட்டியில் வெறும் கிணற்றுத் தண்ணீர். அடுத்தடுத்த தொட்டிகளில் நம் தண்ணீரைக் கொஞ்சம், பாதி, முக்கால், முழுசு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே அளவுள்ள மீன்குஞ்சுகளை விட்டு எது பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். கூடவே, சின்ன வெங்காயத்தின் அடிப்பகுதி நனையும்படி வைத்து வேர் எவ்வளவு நீளம் விடுகிறது என்றும் பார்க்கலாம். எந்தத் தண்ணீரில் வேர் நிற்கிறதோ அந்தத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

மீன்குஞ்சு கொடுத்தது பாவாயிதான். பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டிக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து தந்தார்.

நவம்பர் 19

முழுசுத் தொட்டியிலும் முக்கால் தொட்டியிலும் மீன் செத்துக் கிடந்தது. விடியற்காலையில் கரண்ட் போயிருக்கிறது, காற்றுக் குழாய் நின்றிருக்கும். இது கணக்கில் சேராது.

கிணற்றுத் தண்ணீர்த் தொட்டிக்கும் அதே காற்றுக் குழாய்தான். அதில் மீன் நீந்திக்கொண்டிருந்தது.

நவம்பர் 24

மறுபடி செய்தேன். மறுபடி அப்படியே. மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. பாதித் தொட்டியில் இருந்தவை மந்தமாக ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. வெங்காயத்தைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் வேர் தாடிபோல் இறங்கியிருக்கிறது. நம் தண்ணீரில் ஒரு அரிசி நீளத்தில் நின்று நுனி பழுத்துப்போயிருக்கிறது.

வெங்காயம் பழசு. மீன்குஞ்சும் பையில் வந்த களைப்பில் இருந்திருக்கும். பொங்கலுக்குப் பிறகு பொறுமையாக ஒருமுறை செய்ய வேண்டும்.

வேதியியல் துறை ரெஜினா ஆய்வகத்துக்குள் வந்தாள். தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "குச்சிக்கிழங்குல சயனைடு இருக்குமே மங்கை, அதைப் பாத்தியா? சாம்பிள் குடு, நான் பாத்துத் தரேன்" என்றாள். தருகிறேன் என்றேன்.

நவம்பர் 26

மழை. நல்ல மழை. துணி எதுவும் காயவில்லை.

டிசம்பர் 2

அண்ணன் சாப்பிட வந்தார். அண்ணி கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, கெழங்கு வரத்து ஜாஸ்தியா இருக்குது. ரெண்டு ஷிப்டு ஓட்டலாம்னு பாக்கறேன். தண்ணியும் ரெண்டு மடங்கு வரும். உன் செடிங்க தாங்குமா?"

குளங்களை நான் ஒரு ஷிப்டு தண்ணீருக்குத்தான் அளவெடுத்தேன். தண்ணீர் வேர்களுக்கு நடுவே சில நாளாவது தங்க வேண்டும். வரத்து இரண்டு மடங்கானால் தங்கும் காலம் பாதியாகிவிடும். இது முதல் வருட மாணவிக்கும் தெரிந்த கணக்கு.

"தாங்கும்ணா" என்றேன்.

அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. போன வருடம் ஆலையை மூடச்சொல்லி நோட்டீஸ் வந்தபோது அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்காகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 9

சுற்றுச்சூழல் அதிகாரி ஆலைக்கு வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். தண்ணீர் எடுத்துப்போனார். வழக்கமாகப் பார்க்கும் சோதனைகளில் எல்லாம் சரியாகத்தான் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிளம்பும்போது, "மீன் வெச்சுப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டார். பார்த்தாச்சு என்றேன். காபி கொடுத்து அனுப்பினோம்.

டிசம்பர் 14

பாவாயி போன் செய்தார். இன்று ஏரியில் குஞ்சு விட்டார்களாம். குழுப் பெண்கள் எல்லாரும் பூ வைத்து, தேங்காய் உடைத்து விட்டார்களாம். என்னைக் கூப்பிட மறந்துவிட்டாராம். அதற்கு வருத்தப்பட்டார்.

"நீங்க வந்து முதல்ல உட்டிருக்கோணும் டீச்சரம்மா. என் புத்தியப் பாருங்க."

பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 28

ஏரி நிரம்பி வழிகிறது. இவ்வளவு மழைத் தண்ணீரில் எங்கள் தண்ணீர் எம்மாத்திரம். மீன் நன்றாக வளர்கிறது என்று பாவாயி சொன்னார். நான் பயந்ததற்கு அர்த்தமே இல்லை.

இருந்தாலும் கல்லூரிக்குப் புறவழிச்சாலையில் போகிறேன். ஏரிக்கரைச் சாலையில் குழி அதிகம்.

ஜனவரி 10

மழை நின்று வாரங்கள் ஆகின்றன. அரிசி, வெல்லம், கரும்பு வாங்க வேண்டும். அத்தைக்குப் புடவை. என் வீட்டுக்காரர் பைக்குக்கு இன்சூரன்ஸ்.

ஜனவரி 17

பாவாயி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் தூக்குச்சட்டி, மீன்குழம்பு. ஏரியில் பிடித்த முதல் மீனாம், சின்னதுதான், இன்னும் வளரணுமாம், ஆனாலும் எனக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பதாம். இவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். எனக்கு வயிறு சரியில்லை என்றேன்.

அவர் போனபின் இவர், "அந்தம்மா உன்னைச் சாமி மாதிரி பேசுது" என்றார்.

ஜனவரி 30

ஏரி பாதியாகிவிட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஆலை இரண்டு ஷிப்டும் ஓடுகிறது. ஆகாயத்தாமரை இலைகள் ஓரம் கருகத் தொடங்கியிருக்கின்றன. பழைய செடிகளை எடுத்துப் புதிதாக விட வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

பிப்ரவரி 9

ஏரியில் மீன் செத்து மிதக்கிறது.

பிப்ரவரி 10

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

நேற்றுக் காலையில் பாவாயி போன் செய்தபோது அவர் அழவில்லை. "டீச்சரம்மா, கொஞ்சம் வாங்க" என்றார், அவ்வளவுதான். போனேன். கரையோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு. இன்னும் உயிரோடு இருந்தவை மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

குழுப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கூடைகளில் அள்ளினார்கள். பாவாயி ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, ரத்தமாட்டம் செவந்திருக்குது. இப்பப் புடிச்ச மீனு கூட இப்பிடி இருக்காது. நோவு ஒண்ணும் இல்லீங்க. சந்தைக்குப் போனா வித்துரும்."

அந்தச் சிவப்பு எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். ரத்தத்தில் காற்று இருக்கும், உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சயனைடு செய்யும் வேலை அது.

"விக்காதீங்க" என்றேன். "யாரும் சாப்பிடவும் வேண்டாம். குழி வெட்டிப் புதைச்சிடுங்க."

"ஏனுங்க?"

ஒரு பெண் கூடையைத் தலையில் வைத்தபடி நின்றுவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான்.

"விஷம் மாதிரி தெரியுது" என்றேன்.

"வெஷமா? யாரோ வெஷம் வெச்சுட்டாங்கன்னா சொல்றீங்க?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. எழுதும்போது இது நியாயமாகப் படுகிறது. அங்கே நின்றபோது தலையை லேசாக ஆட்டியதாக ஞாபகம்.

கூட்டத்தில் ஒருவர், "பேக்டரித் தண்ணியா இருக்குமோ" என்றார். பாவாயி அவரிடம் சீறினார்.

"அந்தத் தண்ணிய ஏஞ் சொல்ற? டீச்சரம்மா நம்ம கண்ணெதுக்க மூஞ்சி கழுவுனாங்க. தப்பான தண்ணின்னா கழுவுவாங்களா?"

மீன்களைப் புதைக்கும்வரை நின்றேன். கை உதவினேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். பிறகு மறுபடி குளித்தேன்.

பிப்ரவரி 11

வீரமணியை போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

அண்ணன்தான் சொன்னார். ஏலம் போன கோபம், "பாத்துடறேன்" என்று சொன்ன பேச்சு, இரண்டையும் சேர்த்து ஊர் முடிவு கட்டிவிட்டது. காலையில் டீக்கடையில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஏரிப்பக்கமே போகவில்லை என்று கத்தினாராம். பாவாயியே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாராம். யாரோ காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள், ரத்தம் வந்ததாம்.

"சரியான பய, நல்லா வேணும்" என்றார் அண்ணன். "பொம்பளைங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான். பாப்பா, ஏன் ஒரு மாதிரி இருக்க? காச்சலா?"

தலைவலி என்றேன்.

இந்தப் பக்கங்களை முதலிலிருந்து படித்தேன். டிசம்பர் 9 அன்று அதிகாரி கேட்டதற்குப் "பார்த்தாச்சு" என்று மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறேன். அவர் "எப்படி இருந்தது?" என்று மேலும் கேட்டார். "நல்லா இருக்கு சார், எல்லாம் உயிரோட இருக்கு" என்றேன். அதை நான் எழுதவில்லை. யாரும் படிக்காத ஒன்றில்கூட எழுதவில்லை.

பிப்ரவரி 12

காலையில் ஆலைக்குப் போய்க் குழாயிலும், ஏரியிலும் தண்ணீர் எடுத்து ரெஜினாவிடம் கொடுத்தேன். மதியம் வகுப்பு முடிந்து வரும்போது வராந்தாவில் காத்திருந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மங்கை, ரெண்டுலயும் இருக்கு. ஏரியிலேயே மீனைக் கொல்ற அளவு இருக்கு. குழாயில அதைவிடப் பல மடங்கு." கையிலிருந்த தாளை மடித்தாள். "நவம்பர்ல உன் தொட்டியில செத்ததே..."

"ஆமா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவள் என் தோளில் கைவைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 13

அண்ணனிடம் சொன்னேன்.

ஆலை ஆபீஸ் அறையில், மாவு படிந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிகளில் மீன் செத்தது. வெங்காய வேர். இரண்டு ஷிப்டுக்குக் குளம் போதாது என்று தெரிந்தே தாங்கும் என்று சொன்னது. அதிகாரியிடம் சொன்ன பொய். வீரமணி ஒன்றும் செய்யவில்லை என்பது.

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். ஆலை போய்விடுமே என்பார், வெளியே சொல்லாதே என்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கினேன். சொல்லியிருந்தால் பழி பாதி அவர்மேல் போயிருக்கும்.

அவர் எழுந்துபோய் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னார். அரைவை ஓசை இறங்கி இறங்கி நின்றது. அந்த அமைதியில் வந்து உட்கார்ந்தார்.

"நாந்தான உன்னக் கேட்டேன் பாப்பா. தாங்குமான்னு கேட்டேன்ல. தாங்காதுன்னு சொல்லியிருந்தா ஒரு ஷிப்டோட உட்டிருப்பேனே."

"உனக்காகத்தாண்ணா நான்..."

"எனக்காகன்னு சொல்லாத." குரல் உயரவில்லை. "நான் கேக்கவே இல்ல. கேக்காமயே என்னையத் திருடனாக்கிட்டியே."

எனக்காகத்தான் செய்தேன். கைதட்டினார்களே, அதற்காக. நாற்றம் பிடித்த ஆலை வீட்டுப் பெண் என்ற பெயர் போய் டீச்சரம்மா என்று கையைப் பிடித்தார்களே, அதற்காக. மீன் செத்தது என்று சொன்னால் அந்தப் பெயர் போய்விடும்.

அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "ஸ்டேசனுக்குப் போலாம், கெளம்பு" என்றார்.

இன்ஸ்பெக்டர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. யாரையோ காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்தார். ரெஜினா போனில் விளக்கியபின் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதி வாங்கிக்கொண்டார். வீரமணி உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். காதில் பஞ்சு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்று எழுத வந்தேன். முடியும். திரும்பவில்லை.

பிப்ரவரி 14

ஊருக்கு நானே சொல்கிறேன் என்று பாவாயிக்குச் சொல்லியனுப்பினேன். சாயங்காலம் ஏரிக்கரையில் கூடினார்கள். சொன்னால் நம்பமாட்டார்களோ என்று இரண்டு கண்ணாடித் தொட்டிகளையும் கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கடைசிக் குளத்துத் தண்ணீர். இரண்டுமே ஒன்றுபோலத் தெளிவாக இருந்தன. எது எது என்று கேட்டால் யாரும் சொல்லியிருக்க முடியாது. இரண்டிலும் மீன்குஞ்சு விட்டேன்.

பேசத் தொடங்கினேன். நான் பேசி முடிப்பதற்குள் குளத்துத் தண்ணீர்த் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டன. அதற்குப்பின் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தொட்டியைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "அட, எடுத்து நல்ல தண்ணில உடும்மா" என்றார். எடுத்து விட்டேன். ஒன்றிரண்டு தேறின.

பாவாயி முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார்.

"நான் குஞ்சு உடும்போது உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"நான் கொழம்பு கொண்டாந்தனே, அப்ப?"

"தெரியும்."

"செவுளக் காட்டுனப்பவும்."

தலையை ஆட்டினேன். இந்த முறை எல்லாருக்கும் தெரியும்படி ஆட்டினேன்.

அவர் திட்டியிருக்கலாம். சுற்றிலும் பார்த்தார், ஸ்டேஷனிலிருந்து விட்டபின் வந்து கூட்டத்துக்குப் பின்னால் வீரமணி நின்றிருந்த இடத்தில் பார்வை நின்றது.

"மீனு போச்சு, அது போவுட்டும். அந்த மனுசஞ் சட்டையப் புடிச்சு நாயே பேயேன்னு கேட்டனே. நீங்க தலய ஆட்டுன ஆட்டத்துலதான கேட்டேன். உங்க வெக்கத்த எனக்கும் பங்கு வெச்சுட்டீங்களே டீச்சரம்மா."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரமணியிடம் போனார். கையெடுத்துக் கும்பிட்டார். வீரமணி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "வீரமணி, நடந்தது நடந்துபோச்சு. டீச்சரே வந்து ஒத்துக்கிட்டாங்க. நீ என்ன சொல்ற?" என்றார்.

வீரமணி மெதுவாகத்தான் பேசினார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக.

"நான் ஏரிப்பக்கம் போவலன்னு சொன்னேன். டீக்கடையில சொன்னேன், ஸ்டேசன்ல சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. டீச்சர் வெஷம்னு தலைய ஆட்டுனாங்க, நம்புனீங்க. இன்னிக்கு நான் நல்லவன்னு சொல்றாங்க, அதையும் நம்பறீங்க. ரெண்டு தடவையும் அவங்க பேச்சுத்தான். எம்பேச்சு எங்க போச்சு?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 22

அதிகாரி வந்தார். எழுதிக் கொடுத்தேன். அவருக்கு என்மேல் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கல்லூரியில் முதல்வர் விளக்கம் கேட்டிருக்கிறார். இந்த ஆய்வை இனி ரெஜினா கவனிப்பாள். நான் அவளுக்குக் கீழே வேலை செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன். முகம் சுளித்தாள், ஆனாலும் சம்மதித்தாள்.

ஆலை மூடியிருக்கிறது. மீன் போனதற்குக் குழுவுக்கு என்ன கொடுப்பது என்று அண்ணனே போய்ப் பேசிவிட்டு வந்தார். என்னைக் கூட்டிப்போகவில்லை. அண்ணி என்னோடு பேசுகிறாள், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

பிப்ரவரி 26

இன்று முழுக்க குளத்தில் இறங்கிக் கருகிய ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டேன். ஆடுமாடு தின்றுவிடாமல் குழியில் போட்டு மூடினோம். முதல் குளத்துக்கு முன்னால் இன்னொரு திறந்த தொட்டி கட்டப் போகிறோம். தண்ணீரைப் படிக்கட்டுபோல் விழவைத்து, காற்றும் வெயிலும் பட நிறுத்திவைத்தால் நஞ்சில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும் என்கிறாள் ரெஜினா. அதன்பிறகுதான் செடி. ஒரு ஷிப்டுக்கு மேல் கிடையாது. இதெல்லாம் முதலிலேயே செய்திருக்கக்கூடியதுதான்.

இடுப்பு ஒடிகிறது. நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 6

தற்காலிகமாகக் கட்டிய தொட்டியில், சோதனைக்கென்று கொஞ்சம் கிழங்கு அரைத்து விட்ட தண்ணீரில் முதல் சோதனை. பாவாயி தானே வந்து ஆய்வகத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் எங்கண்ணுல பாத்துக்கறேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, ரெஜினாவிடம் சொன்னார். தொட்டி மீன்கள் பிழைத்தன. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் நல்ல செய்தி என்று சொல்லவில்லை. இன்னும் பலமுறை செய்ய வேண்டும்.

டீ வாங்கிவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குடித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

மார்ச் 9

வீரமணி வீட்டுக்குப் போனேன்.

இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் எதுவும் எழுதப்போவதில்லை. மத்தியானம், வெயில். கதவு திறந்துதான் இருந்தது. அவர் மனைவி முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து வாசலை மறித்து நின்றார். உள்ளே நாற்காலியில் வீரமணி உட்கார்ந்திருப்பது அவர் தோளுக்கு மேலாகத் தெரிந்தது. இடது காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். அது அடிபட்ட காது.

"அவரப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு வந்தேங்க."

"தூங்கறாரு."

உள்ளே அவர் கை பனைவிசிறியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"காது எப்படிங்க இருக்கு? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு பக்கம் கேக்காதுன்னாரு."

நான் கொண்டுபோன பழப்பையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், வாங்கவில்லை. நான் பையை வாசலில் வைக்கக் குனிந்தேன். "அங்க வெக்காதீங்க, கோழி கொத்தும்" என்றார். நிமிர்ந்தேன்.

மன்னிச்சிடுங்க என்று சொன்னேன். அவருக்கா, தோளுக்குப் பின்னால் இருந்தவருக்கா என்று எனக்கே தெரியவில்லை. விசிறி நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"சரிங்க, நான் வரேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் யாரையும், பிடிக்காதவரைக்கூட, வெறும் ஒற்றைச் சொல்லால் வழியனுப்பமாட்டார்கள். போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மாளும் வாய் திறந்தார், பழக்கத்தில் அதைத்தான் சொல்ல வந்திருப்பார். பாதியில் நிறுத்தினார்.

"போங்க" என்றார்.

பழப்பையோடு தெருவில் இறங்கி நடந்தேன்.